கறைக்கும் கணக்கு உண்டு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு இதே மேடையில் கற்றறிந்த பெரியோர்கள் குறளின் பெருமையைப் பற்றியும் கம்பன் கவிநயத்தைப் பற்றியும் உரையாற்றினார்கள். இவ்வாண்டு நமது செயலாளர் என் இல்லத்திற்கு வந்து, "நீங்கள் அலமாரியில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிறு டாங்கி, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று பணித்தார். நான் மெட்ரிகுலேஷன் வரை மட்டும் படித்தவன். கலாசியாக இரயில்வேயில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். கூட்ஸ் ஆபீஸில் பேரேடு எழுதுவதன்றி வேறு எழுத்துப் பழக்கம் எனக்கில்லை. ஆகவே சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இம்மேசையின் மேல் இருப்பதைக் கண்டு, "நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்குப் பொம்மை எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். என் மனைவியும் ஓராண்டுக் காலம் அவ்வாறே எண்ணினாள். பிறகு அவளே மண் சலித்துக் கொடுத்து இவ்வேலையில் பங்குகொண்டாள். அது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

இது விஜயந்தா என்னும் டாங்கியின் மாதிரி. நம் நாட்டில், நம் சென்னைக்கு அருகில் உள்ள ஆவடியில் உருவான டாங்கி. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தார் வகுத்த அமைப்பைக் கொண்டு, 1965ஆம் ஆண்டில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. இன்று இது படையில் இல்லை. பல ஊர்களில் பீடத்தின் மேல் ஏறிக் காட்சிப் பொருளாய் நிற்கிறது.

நாங்கள் செய்திருப்பது உண்மையான வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. நான் கணக்கன் ஆதலால் கணக்கிலேயே சொல்லுகிறேன். உண்மை வண்டியின் உடல் ஏறத்தாழ 7.9 மீட்டர் நீளம். இங்கே இருபத்திரண்டரை சென்டிமீட்டர். அகலம் 3.17 மீட்டர், இங்கே ஒன்பது சென்டிமீட்டர். பீரங்கிக் குழலின் வாய் 105 மில்லிமீட்டர். இங்கே மூன்று மில்லிமீட்டர். உண்மை வண்டியின் எடை ஏறக்குறைய 39 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் முப்பத்தைந்து மடங்கு குறைந்தால் எடை 42,875 மடங்கு குறைய வேண்டும். அதாவது, இதனை அதே எஃகினால் அதே முறையில் செய்திருந்தால் இதன் எடை ஏறத்தாழ 900 கிராம்; ஒரு கிலோவுக்கும் குறைவு! இக்கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

முப்பத்தைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டு டாமியா நிறுவனத்தார் பாந்தர் என்ற ஜெர்மானிய டாங்கியின் மாதிரியை வெளியிட்டார்கள். அது தானே ஓடவேண்டும் என்பதற்காக உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைத்தார்கள். அவை அடங்கும்படி அமைந்த அளவு அது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்காகி நிலைத்துவிட்டது. நமது அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர் என்ற கணக்கைப் போல, ஒருமுறை போட்ட அளவை மாற்ற முடிவதில்லை.

இனி, நான் இவ்வேலையில் இறங்கிய கதை. என் தந்தையார் 1968ஆம் ஆண்டு ஆவடித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்தவர். விஜயந்தாவின் உடலும் தலைக்கூண்டும் எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தவை. அந்தத் தகடுகளின் ஓரங்களில் என் தந்தையாரின் இளமை கழிந்தது. நான் பிறந்து வளர்ந்து இரயில்வேயில் வேலை பெற்று வடக்கே வந்துவிட்டேன். நமது ஜான்சி யார்டு வழியாகப் படையினரின் தனி வண்டிகள் செல்வதை நீங்கள் அறிவீர்கள். பபீனா அருகில் இருப்பதால் டாங்கிகள் இவ்வழியே வருவது புதிதன்று. ஓர் இரவுப் பணியில், தட்டை வாகன்களின் மேல் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நின்ற டாங்கிகளை விளக்கொளியில் கண்டேன். அவை வேறு வகை வண்டிகள். ஆயினும் அவற்றின் மேல் ஓடிய வெல்டிங் வரியைப் பார்த்தவுடன் என் தந்தையாரின் ஞாபகம் வந்து வருத்தியது. அதன்பின் என் மகனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் டாங்கிப் பெட்டி வாங்கினேன். அவன் இரண்டு நாளில் அதை விட்டுவிட்டான். நான் விடவில்லை.

முதல் மாதிரியை முடித்து வராந்தாவில் உலரவைத்திருந்தேன். பச்சை வர்ணம் பளபளவென்று மின்னிற்று. அவ்வழியே சென்ற ஒருவர் நின்று பார்த்தார். நமது காலனி வாயிலுக்கு எதிரே குடியிருப்பவர். பாங்கியில் காவற்பணி செய்பவர். படையில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். டாங்கிப் படையில் தபேதார் என்பது ஒரு பதவி. நம் ஊரில் தபேதார் என்றால் கலெக்டருக்கு முன்னே செல்லும் சேவகர் நினைவுக்கு வருவார். இவர் அந்தத் தபேதார் அல்லர். இவர் சற்று நேரம் மாதிரியை உற்று நோக்கிவிட்டு, "பாபுஜி, இந்த மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் எப்போது?" என்று வினவினார்.

எனக்குச் சினம் வந்தது. அவர் நகைத்துக்கொண்டே, "கோபம் வேண்டாம். இவ்வளவு சுத்தமான டாங்கியை நான் தொழிற்சாலை வாசலில் கூடக் கண்டதில்லை. இதில் ஒருவரும் ஏறியதில்லை, இது எங்கும் போனதில்லை" என்றார். அன்று மாலை தேநீர் அருந்த வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அவ்வாறு எங்கள் கூட்டு வேலை தொடங்கிற்று. அவர் என்னைப் பாபுஜி என்பார். நான் அவரைத் தபேதார் சாகிப் என்பேன்.

வேலையை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். அளந்து, வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து உருவாக்குவது என் பங்கு. அதற்கு வெயிலும் மழையும், புழுதியும் துருவும் ஏற்றுவது அவர் பங்கு. இத்துறையில் பழகியவர்கள் அதனை வெதரிங் என்பார்கள். அவர் ஓட்டிய வண்டி விஜயந்தா. என் தந்தையார் பற்றவைத்த வண்டியும் விஜயந்தா. எங்களுக்கு அதன் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே வெறும் பிளாஸ்டிக் தகட்டில் தொடங்கி நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம். அகமதுநகரில், இப்போது அகில்யாநகர் என வழங்கும் ஊரில், 1994ஆம் ஆண்டு தொடங்கிய டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. மன்மாடு வழியாக அங்கே சென்றோம். எனக்குப் பாஸ், அவருக்கு டிக்கெட். அவர் டாங்கியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்ல, நான் குறிப்புப் புத்தகத்தில் வரைந்துகொண்டேன். பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். குழலின் நடுவே புகை வாங்கும் பருமன். கூண்டின் பக்கங்களில் புகைக்குண்டு எறியும் குழல்கள்.

உருவாக்க ஓராண்டு சென்றது. அதன்பின் அவர் பங்கு வந்தது. இங்கேதான் நான் மாணவன் ஆனேன். "பாபுஜி, கறை எங்கே வேண்டுமானாலும் படியாது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும். காரணம் சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள்" என்பது அவர் சொன்ன முதற்பாடம். வவுச்சர் இல்லாத செலவைப் பேரேட்டில் ஏற்றாதே என்று எங்கள் ஆபீஸில் சொல்வதும் இதுதானே! எனக்கு உடனே விளங்கிற்று.

டாங்கியின் சங்கிலிப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதற்கு முழுவதும் துரு நிறம் பூசினேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு லெவல் கிராசிங்குக்குச் சென்றார். "உங்கள் தண்டவாளத்தைப் பாருங்கள். சக்கரம் படும் தலை வெள்ளி போல் மின்னுகிறது. சக்கரம் படாத இடுப்பு துருவேறிக் கிடக்கிறது. சங்கிலிப்பட்டையும் அப்படித்தான். தரையைத் தொடும் மேடு மின்னும், மற்ற இடம் துருவேறும்" என்றார். இருபது ஆண்டுகளாகத் தண்டவாளத்தின் அருகில் வாழும் எனக்கு ஒரு டாங்கிக்காரர் தண்டவாளத்தைக் காட்டினார்! மேடுகளில் பென்சில் கரியைத் தேய்த்தோம். எஃகின் மினுமினுப்பு வந்துவிட்டது.

புகைக்குழாயில் துரு மிகும். வெப்பம் வர்ணத்தை எரித்துவிடுவதால். எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றிக் கருங்கறை இருக்கும், ஊற்றும்போது சிந்துவதால். ஓட்டுநர் ஏறி இறங்கும் வாயின் விளிம்பில் வர்ணம் தேய்ந்திருக்கும், பூட்ஸ் படுவதால். சக்கரத்தின் விளிம்பு இரப்பர். அங்கே வர்ணம் பெயர்ந்து இரும்பு தெரிவதாகக் காட்டினால் அது பொய். மேற்பரப்பில் புழுதி படியும். செங்குத்தான பக்கத்தில் பனியும் மழையும் அதனை வரிவரியாகக் கழுவி இறக்கும்.

முறைகளும் எளியவைதாம். ஆயில் வர்ணத்தில் கரும்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தகடுகள் சேரும் இடுக்கில் தூரிகை முனையால் தொட்டால், அது தானே இடுக்கு நெடுக ஓடி நிழல் போலத் தங்கும். தூரிகையில் வெளிறிய வர்ணம் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் மெல்ல இழுத்தால் விளிம்புகள் எழுந்து தோன்றும். ஸ்பாஞ்சின் சிறு துண்டைக் கரும்பழுப்பில் தோய்த்து ஒற்றினால் வர்ணம் பெயர்ந்த காயங்கள் தோன்றும். அங்கேயும் கணக்கு உண்டு. இங்கே ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி வைத்தால், உண்மை வண்டியில் அது மூன்றரை சென்டிமீட்டர்க் காயம். நான் ஆசையோடு வைத்த புள்ளிகளில் பாதியை அவர் அழிக்கச் செய்தார்.

மண்ணைப் பற்றி எங்களுக்குள் முதற்சண்டை வந்தது. நான் நமது காலனித் தோட்டத்துச் செம்மண்ணை எடுத்துக் குழைத்து வைத்திருந்தேன். அவர் கையால் தள்ளிவிட்டார். "என் வண்டி ஜெய்சல்மர்ப் பக்கம் ஓடியது. அங்கே மண் வெளிறிய மஞ்சள். இந்தச் சிவப்பு மண் எப்படி அதன் மேல் வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். அடுத்த முறை ஊருக்குச் சென்றவர் ஒரு துணிப்பையில் பாலைமணல் கொண்டுவந்தார். அதையும் அப்படியே பயன்படுத்த இயலவில்லை. கால் மில்லிமீட்டர் மணல் இவ்வளவில் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர்க் கூழாங்கல் ஆகிவிடும்! அப்போதுதான் என் மனைவி முன்வந்தாள். அம்மியில் அரைத்து, நாட்டு மருந்துக்குச் செய்வது போல மெல்லிய வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்து, முகத்துக்குப் பூசும் மாவு போலக் கொடுத்தாள். அன்று முதல் எங்கள் கூட்டில் மூவரானோம்.

அடுத்து நிகழ்ந்ததைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கிறது. எனினும் அதைச் சொல்லாவிட்டால் இவ்வுரையில் பொருள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பார்க்கிறேன்: மாதிரியின் முன்புறத்து இடது மட்கார்டு மேல்நோக்கி மடங்கிக் கிடந்தது. பையன் தட்டிவிட்டான் போலும் என்று எண்ணினேன். வெந்நீர் காட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, புதுவர்ணம் பூசிப் பழுது தெரியாமல் செய்துவிட்டேன். அந்த ஞாயிறு தபேதார் சாகிப் வந்தார். பார்த்தார். கையில் இருந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் சென்றுவிட்டார். மூன்று ஞாயிறுகள் வரவில்லை.

நான்காம் ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் அமர்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துப் பேசினார். 1991ஆம் ஆண்டு, இரவுப் பயிற்சி, விளக்கு இல்லாமல் ஓட்ட வேண்டும். மணல்மேட்டிலிருந்து இறங்கும்போது, எதிரே இருந்த கல்வரப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியின் இடது முன்பக்கம் மோதியது. மட்கார்டு மடங்கிற்று. உள்ளே குண்டு ஏற்றும் வீரர் முகம் பீரங்கியின் பின்பகுதியில் அடிபட்டு ஒரு கண் போயிற்று. அவ்வீரர் இவருடைய அடுத்த கிராமத்துப் பிள்ளை. விசாரணையில் இவர் மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். "எழுதினார்கள், பாபுஜி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுகிறேன். அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மட்கார்டை நான் தான் மடக்கினேன். நீங்கள் நேராக்கிவிட்டீர்கள்" என்றார்.

அன்பர்களே! எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. பேரேட்டில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பம் இட வேண்டும். அடித்த எழுத்து கீழே படிக்கும்படி இருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக இவ்விதியைக் காத்த நான், ஒரு மனிதருடைய பேரேட்டைச் சுரண்டி அழித்துவிட்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை. அன்றிரவே நான் நிமிர்த்திய மட்கார்டை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய தகட்டில் புதிது செய்து ஒட்டினேன். மறுநாள் அவர் வந்தார். தம் கையாலேயே, தமக்கு நினைவிருந்தபடி, அதை மடக்கினார். மடிப்பின் ஓரத்தில் வர்ணம் பெயர்ந்த கோட்டை மட்டும் என்னை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் மாதிரியைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து, ஜான்சியிலிருந்து சென்னை வரை மடியை விட்டு இறக்காமல் கொண்டு சென்றோம். தபேதார் சாகிப்பும் உடன் வந்தார். என் தந்தையார் வயோதிகர்; ஆவடியில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பெட்டியைத் திறந்தவுடன் அவர் முகம் சுருங்கிற்று. "ஏனப்பா, நாங்கள் இப்படியா அனுப்பினோம்? கண்ணாடி போலத் துடைத்தல்லவா அனுப்பினோம்?" என்றார். நான் தபேதார் சாகிப்புக்கு இந்தியில் சொன்னேன். அவர், "ஐயா சுத்தமாகத்தான் அனுப்பினார். அழுக்காக்கியது நாங்கள்" என்று கைகூப்பினார்.

தந்தையார் பூதக்கண்ணாடியை வரவழைத்தார். தலைக்கூண்டின் ஓரத்து வெல்டிங் வரியை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு சீராக இராது. கையால் போட்டது. குச்சி மாற்றும் இடத்தில் சிறிது மேடு நிற்கும்" என்று என் வேலையில் குற்றம் கண்டார். பிறகு மடங்கிய மட்கார்டைக் கண்டு காரணம் கேட்டார். தபேதார் சாகிப் நடந்ததைச் சொன்னார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினேன். தந்தையார் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, தபேதார் சாகிப்பை நேராக நோக்கி ஒரே கேள்வி கேட்டார்: "மோதிய இடத்தில் உடல் வெல்டிங் விட்டதா, தம்பி?"

"விடவில்லை, ஐயா. மட்கார்டு மெல்லிய தகடு, அதுதான் மடங்கியது. உடலில் ஒரு கீறல் இல்லை. காலையில் அதே வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு திரும்பினேன்."

என் தந்தையார் ஆயுளெல்லாம் எத்தனையோ வண்டிகளைப் பற்றவைத்து அனுப்பியவர். அவை எங்கே போயின, எப்படித் தாங்கின என்று அவருக்கு வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தக் கண் போன பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டார். தபேதார் சாகிப் சொன்னார். பழக்கமில்லாத அந்த வடநாட்டுப் பெயரைத் தந்தையார் இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன்பின் உள்ளே நோக்கி, எல்லோருக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அவையோரே, போர்க்கருவியைப் புகழ்வதற்காக நான் இங்கு வரவில்லை. ஒரு வண்டியைச் செய்தவர் ஒருவர், ஓட்டியவர் மற்றொருவர். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே முதுமை அடைந்திருப்பார்கள். இருபத்திரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அவர்களை ஒரு திண்ணையில் அமர வைத்தது. அதுவும், நான் தனியாக இருந்து இதனைச் செய்திருந்தால் நடந்திராது. என் கை சுத்தமாக்கும் கை. கறையின் காரணம் அறிந்தவர் அருகில் இருந்ததால் இந்த மாதிரி உண்மையாயிற்று. வீட்டில் குழந்தை ஒரு பொருளைக் கோணலாக வைத்திருந்தால், நேராக்குவதற்கு முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கற்ற பாடம் அவ்வளவே.

இவ்வேலையில் விருப்பம் உள்ள சிறுவர்கள் ஞாயிறு மாலைகளில் என் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். பழைய பிளாஸ்டிக் அட்டை, கத்தி, உப்புத்தாள், பசை, இரண்டு தூரிகை, தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீபில்கள். தொடங்குவதற்கு இவை போதும். இயன்றால் ஒரு நண்பனையும் உடன் அழைத்து வாருங்கள். தபேதார் சாகிப் இதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் பேசியதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. நீங்கள் இந்தியில் கேளுங்கள். என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். அவர் எல்லாம் சொல்வார். விழா முடிந்தபின் இம்மாதிரியை அருகில் வந்து பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். இடது மட்கார்டை மட்டும் யாரும் நேராக்கிவிடாதீர்கள்.